புகையாண்டி வைத்த உலை

பாத்திர வியாபாரிக்கு ஒரு ஊரின் நல்லது கெட்டது அடுப்படியில்தான் தெரியும். முப்பது வருஷம் சைக்கிளில் அலுமினியக் குண்டானும் சட்டியும் கட்டிக்கொண்டு செந்துறையைச் சுற்றி அலைந்தவன் நான். காசிநாதன் என்று என் பேரைச் சொல்லி விசாரித்தால் செந்துறையிலேயே யாருக்கும் தெரியாது. பாத்திரக்காரர் என்றால் கடைத்தெருவில் நாய்கூட வழி காட்டும். அந்த அலைச்சலில் எத்தனையோ அடுப்படி பார்த்துவிட்டேன். ஆனால் ஈச்சங்குடிக்காட்டுக் கீழத்தெருவில் மாசி மாதத்தில் ஒரு பகல் பொழுது நான் பார்த்ததைப் போல எங்கும் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் போவதில்லை. ஏனென்றால் அந்த இடத்தில் இப்போது ஊர் கிடையாது. சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பள்ளம்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் அதில் பச்சையாகத் தண்ணீர் நிற்கும்.

கீழத்தெரு ஜனங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. மேலத்தெருப் புஞ்சையில் களை வெட்டுவார்கள், முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்குவார்கள். எறையூரில் சர்க்கரை ஆலை வந்த பிறகு தை பிறந்தால் தெருவே மூட்டை கட்டிக்கொண்டு கரும்பு வெட்டப் போய்விடும். சின்னது பெரியது, ஆடு கோழி, சோறு பொங்கக் கிழவிகள் என்று ஒன்று பாக்கி இருக்காது. பங்குனியில் புகையாண்டிக்குப் படையல் போடத்தான் திரும்புவார்கள்.

புகையாண்டி அவர்கள் சாமி. சாமி என்றால் வாளும் குதிரையும் மீசையும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று கல்லைக் கூட்டி வைத்த அடுப்புதான் அவர் கோயில். அந்தக் காலத்தில் நவாப்பு பட்டாளம் குதிரை மேல் வந்ததாம். எந்த நவாப்பு, எந்த வருஷம் என்றெல்லாம் கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? வழியில் உள்ள ஊரையெல்லாம் கொளுத்திக்கொண்டு வருகிறார்கள் என்று சேதி வந்ததும் ஜனங்கள் வெள்ளாற்றைத் தாண்டிவிட ஓடினார்கள். ஊர் காலி என்று தெரிந்தால் பட்டாளம் துரத்தும், கைக்குழந்தைக்காரிகளால் அக்கரையை எட்ட முடியாது. அப்போது ஒருத்தன் மட்டும் நான் இருக்கிறேன் என்று நின்றான். ஓட்டுச்சில்லில் நெருப்பை அள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போய் எல்லா அடுப்பையும் மூட்டி, எல்லாவற்றிலும் உலை வைத்தான். ஓடி ஓடி ஊதினான். கூரைக்குக் கூரை புகை எழும்புவதைப் பார்த்த பட்டாளம், ஊருக்குள் ஆள் நிறைய இருக்கிறது, எதிர்த்து நிற்கப் போகிறார்கள் என்று பயந்து மேட்டிலேயே கூடாரம் போட்டுக்கொண்டு காத்துக் கிடந்தது. கடைசியில் ஒரு குதிரைக்காரன் துணிந்து உள்ளே வந்து ஒரு பானையைத் திறந்தான். வெறுந்தண்ணீர். அடுத்த வீட்டுப் பானையிலும் வெறுந்தண்ணீர். ஏமாந்தது தெரிந்துபோயிற்று. அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவனை அங்கேயே வெட்டினார்கள். அதற்குள் ஜனங்கள் அக்கரை சேர்ந்துவிட்டார்கள்.

படையலன்றைக்கு அதையே செய்து காட்டுவார்கள். தெருவே வெளியேறி ஓடைக்கரையில் உட்கார்ந்திருக்கும். பரம்பரையாக அடுப்புக் காக்கும் முறை உள்ள காவல் வீட்டு ஆம்பிளை ஒருத்தன் மட்டும் தெருவில் நின்று எல்லா அடுப்பையும் காப்பான். படையலுக்கு வீட்டுக்கு ஒரு படி வரகரிசி. கரும்புக்குப் போகும் முன்பே குத்திப் புடைத்து, அவரவர் துணியில் முடிந்து, காவல் வீட்டுப் பெரிய பானையில் வைத்துவிட்டுப் போவார்கள். காவல் வீடு வரகு போட வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பங்கு நெருப்பு.

அந்த வருஷம் காவல் வீட்டு உத்திராபதி கரும்புக்குப் போகவில்லை. முந்திரி மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து, புத்தூர்க் கட்டு கட்டிக்கொண்டு கயிற்றுக்கட்டிலில் கிடந்தான். துணைக்குப் பெண்டாட்டி செங்கமலமும் அவள் தம்பி அரியமுத்துவும் தங்கிவிட்டார்கள். தெருவில் வேறு ஆள் கிடையாது. நான் அந்தப் பக்கம் போனதே அவன் காலைப் பார்த்துவிட்டு வரத்தான்.

நான் சைக்கிளைச் சாத்தும்போதே உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது.

"சாமி வரகுல கை வச்சின்னா ஒங்கையால எனக்கு சோறு வேணாம் புள்ள, சொல்லிட்டேன்" என்று கட்டிலில் இருந்தபடி கத்தினான் உத்திராபதி.

"ஒனக்கு சோறு போடுறது நானு. கையி ஏது, காலு ஏதுன்னு பேசிக்கிட்டு கெடக்குற" என்றாள் அவள். "வாங்கண்ணே. நீங்களே ஞாயத்தக் கேளுங்க. வெடியக்காத்தால தலையாரி செல்லக்கண்ணு ஓடியாந்து சொல்லிட்டுப் போறாரு. இன்னைக்கி மத்தியானம் ஆபீசரும் கம்பெனிக்காரனும் வர்றாங்களாம். நம்ம தெரு பூரா கல்லு வெட்ட எடுத்துட்டாங்க. அது தெரிஞ்சதுதான். குடியிருக்குற வூட்டுக்கு மட்டும் ரோட்டோரமா மாத்து மனை. ஆளில்லாத வூட்ட காலின்னு எழுதிடுவாங்களாம். காலி வூட்டுக்கு ஒண்ணும் கெடையாது."

"அடப்பாவி, அடுத்த மாசம் கணக்கெடுப்புன்னுல்ல தண்டோரா போட்டாங்க?" என்றேன்.

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா, கரும்புக்குப் போற மாசம் எதுன்னு? ஆளில்லாத நேரமாப் பாத்துத்தான் வர்றான்."

பட்டா உள்ள மேலத்தெருக்காரனுக்கு நிலத்துக்கு விலை உண்டு. இவர்களுக்கு அந்தக் குடிசை நிற்கிற மண்ணைத் தவிர என்ன இருக்கிறது? அதுவும் போனால் கரும்புத் தோட்டத்து ஓரத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

"தெருக்காரங்களுக்குச் சொல்லிவுட்டியா?"

"எந்தம்பி மொத பஸ்சுக்கே போயிட்டான். அரியலூரு போயி, பெரம்பலூரு போயி, எறையூரு போயி, காட்டுல கெடக்குறவங்கள ஒண்ணு சேத்து இட்டாரணும். பொழுது சாயறதுக்குள்ள வந்துட்டாங்கன்னா பெரிசு. அதுவரைக்கும் தெருவுல ஆளு இருக்குதுன்னு காட்டணும்ண்ணே. நம்ம சாமி காட்டிக் குடுத்த வழி இருக்குதுல்ல? எல்லா அடுப்பையும் மூட்டப் போறேன்."

"மூட்டு. நானா வேணாங்குறேன்?" என்றான் உத்திராபதி. "பொம்பள அடுப்பு காத்தான்னு ஊரு சிரிக்கும். அதையும் பொறுத்துக்கறேன். வரகு எதுக்கு? அவரு வெறுந்தண்ணிதான வச்சாரு?"

செங்கமலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த நிலைமையில் அவளுக்குச் சிரிப்பு வந்ததை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

"பொம்பள அடுப்பு காத்தா சிரிப்பாங்களா? படையலு ஒரு நாளைக்கி நீ காக்குற. மிச்ச நாளெல்லாம் காக்குறது யாரு? வெறுந்தண்ணி வச்சதாலதான அவர வெட்டுனாங்க! ஆம்பளதான அவரு. ஒலை வச்சாப் போதும்னு நெனச்சிட்டாரு. கொதிக்குற வாசம் வர வேணாமா? சோறு பொங்கத் தெரிஞ்சவளா இருந்தா அந்தத் தப்ப செஞ்சிருக்க மாட்டா."

"வாய அலம்பு! சாமியப் போயி..."

"சாமியத்தான் சொல்றேன். கோவிச்சிக்கிட்டா எங்கிட்ட வந்து கேக்கட்டும். இந்தாய்யா, நான் சாமிகிட்டேர்ந்து ஒரு மணி எடுக்கல. வீரம்மா முடிஞ்ச முடிச்சு வீரம்மா வூட்டு அடுப்புக்கு, பக்கத்து வூட்டு ஆண்டவரு முடிச்சு அவரு வூட்டு அடுப்புக்கு. குடுத்தவங்க வூட்டுலயே கொண்டு போயி வக்கிறேன். தெருவே போனப்பறம் படையலு எங்க போடுவ? கம்பெனிக்காரன் பள்ளத்துலயா?"

உத்திராபதி சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தான். அவன் அப்பன், பாட்டன் எல்லாம் செய்த காரியம். தான் கட்டிலில் கிடக்கப் பெண்டாட்டி செய்யப் போகிறாள். அந்த வலி காலில் இருந்த வலியை விடப் பெரிது என்று எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒருக்களித்து எழுந்து உட்கார்ந்தான்.

"அந்த ஓட்டுச்சில்ல எடு. நெருப்பு நாந்தான் அள்ளிக் குடுப்பேன். நீயா அள்ளக் கூடாது."

கட்டிலை நானும் அவளும் அடுப்போரம் இழுத்துப் போட்டோம். குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நெருப்புக் கங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சில்லில் வைத்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

அதற்கு அப்புறம்தான் ஒரு சங்கடம் தெரிந்தது. முதல் வீட்டு அடுப்பில் பானை இல்லை. கரும்புக்குப் போகிறவர்கள் சோறு பொங்கும் பானையையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஓரிரு வீட்டில் விரிசல் விட்ட மண்பானை இருந்தது. மற்ற அடுப்பெல்லாம் மொட்டையாக நின்றது. செங்கமலம் நெருப்பை ஏந்திக்கொண்டு வாசலில் நின்று என் சைக்கிளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தாள்.

"என்னம்மா பாக்குற? அவுத்துக்க" என்றேன்.

"புதுசுண்ணே."

"புதுசுன்னா சோறு வேகாதா?"

"பளபளன்னு இருக்கும். கம்பெனிக்காரன் பாத்தா கண்டுபுடிச்சிருவான்."

ஆகவே என் கையாலேயே என் சரக்கைக் கெடுத்தேன். களிமண்ணும் சாம்பலும் குழைத்துக் குண்டானின் அடியில் பூசினேன், கரியை எடுத்துத் தேய்த்தேன், விளிம்பில் இரண்டு இடத்தில் கல்லால் தட்டி நசுக்கினேன். பாத்திரத்தில் கீறல் விழுந்தால் மனசு பதறும் ஆள் நான். அன்றைக்கு எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது.

அவள் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஓடைக் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுத்து இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று என்று கொண்டுவருவாள். ஒரு வீட்டில் வேலிக்காத்தான் குச்சியை வைத்துப் பற்ற வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவாள். அங்கே உலை காய்வதற்குள் முதல் வீட்டில் நெருப்பு அமர்ந்திருக்கும். காய்ந்த முந்திரி இலை குபீரென்று எரிந்து சீக்கிரம் தணிந்துவிடும். வரட்டிதான் நின்று புகையும். அந்தக் கணக்கெல்லாம் அவளுக்குத் தெரியும். புகை வேண்டிய வீட்டுக்கு வரட்டி, உலை கொதிக்க வேண்டிய வீட்டுக்குக் குச்சி. குனிந்து நிமிர்ந்து ஊதி ஊதி முகம் கருத்து, கண் இரண்டும் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்குள் நுழையும்போதும் ஆள் இருப்பதைப் போலக் குரல் கொடுத்தாள்.

"ஏ அமிர்தவல்லி, ஓங்கூட்டு ஒலை கொதிச்சிருச்சுடி, வரகப் போடவா?"

காலி வீட்டைப் பார்த்துப் பேசுகிறாளே, வெயிலில் மூளை கலங்கிவிட்டதோ என்று நான் பயந்தேன். கேட்டதற்கு, "பேரச் சொல்லாம எப்புடிண்ணே அடுத்தவ அடுப்ப மூட்டுறது? களவாட வந்த மாதிரில்ல இருக்கும்" என்றாள்.

காற்றே இல்லாத மாசி வெயிலில் கீழத்தெருக் கூரை ஒவ்வொன்றிலிருந்தும் புகை நேராக எழுந்து நின்றது. நான் தெரு முனையில் நின்று பார்த்தேன். கதையாகக் கேட்டபோது அது பழைய காலத்துப் பேச்சாகத்தான் இருந்தது. மேட்டிலிருந்து பார்த்த குதிரைக்காரனுக்கு ஏன் பயம் வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

குதிரைக்குப் பதில் ஜீப் வந்தது. ஆபீசர் வயதானவர், வெயில் தாளாமல் கழுத்தில் துண்டு போட்டிருந்தார். கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட கம்பெனி ஆள். பின்னால் தலையாரி செல்லக்கண்ணு, எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற முகத்தோடு.

"காலித் தெருன்னு சொன்னீங்களே?" என்று ஆபீசர் கம்பெனி ஆளைக் கேட்டார்.

"ஆளைக் காணுமே சார். புகைதானே இருக்கு" என்றார் அவர். "ஏம்மா, ஆளெல்லாம் எங்க?"

செங்கமலம் முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். கரி இன்னும் பரவிற்று. "வேலைக்கிப் போயிருக்காங்க சார். பொழுது சாய வந்துருவாங்க. கூலிக்காரங்க வூட்டுல பகல்ல யாரு சார் குந்தியிருப்பாங்க? எங்கிட்ட ஒலையப் பாத்துக்கடின்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"இது நாடகம் சார். சும்மா புகை போட்டு ஏமாத்துறாங்க. பானையில ஒண்ணும் இருக்காது, வேணும்னா பாருங்க" என்று சொல்லிக் கம்பெனி ஆள் குனிந்து முதல் குடிசைக்குள் நுழைந்தார்.

செல்லக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் அதே கதைதான் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளே மூடி விழுந்த சத்தம் கேட்டது. "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே வரகு கொதிக்கும் வாசமும் வந்தது. அடுத்த வீட்டுக்குள் போனார். அங்கேயும் கெட்டியாகத் தளதளவென்று கொதித்தது. இன்னொரு வீடு, அதற்கு அடுத்த வீடு. கண்ணாடியில் புகை அப்பிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, தெரு முழுக்கப் போய்விட்டு வந்தார். கடைசியில் காவல் வீட்டு வாசலில் நின்றார்.

"இங்கதான் ஆளு இருக்கேன் சார், கண்ணு தெரியலயா?" என்று கட்டிலில் இருந்து குரல் கொடுத்தான் உத்திராபதி. அவர் அந்த வீட்டுக்குள் போகவில்லை.

"யோவ் தலையாரி, இதுலல்லாம் ஆளு குடியிருக்குதா?" என்றார் ஆபீசர்.

"சோறு பொங்குதுங்களே சார்" என்றார் செல்லக்கண்ணு.

ஆபீசர் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். "சோறு வேவுற வீட்டைக் காலின்னு எழுத என்னால ஆகாது. ஆனா இவர் சொல்றதையும் தள்ள முடியல. பொழுது சாய வருவாங்கன்னு சொன்னில்லம்மா? இருந்து பார்த்துட்டே போறேன். வரலன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அதற்குப் பிறகுதான் செங்கமலத்துக்கு மெய்யான சோதனை. வெந்த வரகு தீயக் கூடாது, அடுப்பும் அணையக் கூடாது. தண்ணீர் ஊற்றி ஊற்றித் துழாவிக்கொண்டு வீட்டுக்கு வீடு நடந்தாள். நடுவில் ஆபீசருக்கு ஒரு சொம்பில் மோர்த்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொரு முறை தெருமுனைக்கு வரும்போதும் ரோட்டைப் பார்ப்பாள். நிழல் நீண்டது. கம்பெனி ஆள் இரண்டு தடவை மணி பார்த்தார். கட்டிலில் உத்திராபதி வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தபடி இருந்தான். சாமியைத்தான் கூப்பிட்டிருப்பான்.

வெயில் மஞ்சளாகிக் கூரைக்கு மேலே இருந்தபோது லாரிச் சத்தம் கேட்டது. கரும்பு ஏற்றுகிற லாரி. அதன் மேல் கரும்புக்குப் பதிலாக ஜனங்கள், வெட்டுக்கத்தியும் குழந்தையும் பானையுமாக. கரும்புச் சோகை கிழித்த கையும் காலுமாக இறங்கினார்கள். முன்னால் குதித்த அரியமுத்து அக்காவைப் பார்த்து, "வந்துட்டோம்க்கா" என்று மட்டும் சொன்னான். அவரவர் வீட்டுக்குள் அவரவர் போய், வாசலில் வந்து நின்றார்கள். ஆபீசர் பேர் கேட்டு எழுதிக்கொண்டே தெருவின் கடைசி வரைக்கும் நடந்தார். ஒரு வீடும் விட்டுப்போகவில்லை. ஜீப்பில் ஏறும் முன் செங்கமலத்தை ஒரு முறை பார்த்தார். கம்பெனி ஆள் முன்னாலேயே ஏறிக் கதவைச் சாத்தியிருந்தார்.

அரியமுத்து கூப்பிட்டதும் பாதி வேலையில் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள். வழியெல்லாம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வீட்டுக்கு வீடு சூடான கஞ்சி காத்திருந்தது. தெரு முழுக்கக் குழந்தைகள் கஞ்சி உறிஞ்சும் சத்தம்தான். அமிர்தவல்லி குண்டானைத் தூக்கிக் காட்டி, "இது எங்கூட்டுது இல்லயே" என்றாள். கரி பிடித்த பாத்திரத்தை இனிமேல் எவள் வாங்குவாள், வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

செங்கமலம் தன் வீட்டு வாசலில் வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். கை இரண்டும் கொப்பளித்திருந்தது.

"மொத மொதல்ல நீ தின்னு புள்ள" என்றான் உத்திராபதி. அவள் எழுந்திருக்கவில்லை. அவனே எக்கி, கட்டிலோரம் எரிந்துகொண்டிருந்த அடுப்பின் பானையைத் திறந்தான். திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் எட்டிப் பார்த்தேன்.

வெறுந்தண்ணீர். கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காவல் வீடு வரகு போடுவதில்லை. பெரிய பானையில் எல்லோருடைய முடிச்சும் இருந்தது, அவள் முடிச்சு இல்லை. கால் முறிந்தவன் கிடக்கும் அந்த வீட்டில் வேறு தானியமும் இல்லை. காலையிலிருந்து தெருவுக்கே உலை வைத்தவள் தன் வீட்டில் தண்ணீரைத்தான் கொதிக்க விட்டிருந்தாள்.

"ஏன் புள்ள, ஆளுக்கு ஒரு பிடி கொறச்சி நமக்கும் போட்டிருக்கலாம்ல?"

"அவங்க முடிச்சுல நான் எப்புடிய்யா கை வப்பேன்?" என்றாள். பிறகு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் சிரித்தவளின் கண்ணில் இப்போது தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. புகையினால் வந்தது என்று சொல்ல முடியாது. "நான் தப்பாப் பேசிட்டேன்ய்யா. அவரு தெரியாம வெறுந்தண்ணி வக்கல. இருந்த தானியத்தயெல்லாம் ஓடுனவங்க மடியில கட்டி அனுப்பிட்டாரு. மிச்சம் இருந்தது தண்ணிதான். அதத்தான் வச்சாரு."

உத்திராபதியின் பாட்டன் காலத்திலிருந்து அந்தக் கதையைச் சொல்லி வருகிறார்கள். வெறுந்தண்ணீர் ஏன் என்று ஒருத்தனும் கேட்டதில்லை.

எதிர்வீட்டு வீரம்மாள்தான் அதைக் காதில் வாங்கினாள். உள்ளே போய் ஒரு அகப்பை கஞ்சி அள்ளிக்கொண்டு வந்தாள். செங்கமலத்தின் தட்டில் ஊற்றப் போனவளைத் தடுத்து, "தட்டுல வேணாம். அந்தத் தண்ணியிலயே ஊத்து" என்றான் உத்திராபதி. அவள் ஊற்றினாள். ஆண்டவர் வீட்டிலிருந்து ஒரு அகப்பை வந்தது. அமிர்தவல்லி என் குண்டானோடு வந்தாள். தெரு முழுக்க வரிசையாக வந்து அந்தப் பானையில் ஊற்றிவிட்டுப் போயிற்று. பானை நிறைந்து வழிந்து அடுப்பில் சிந்தி, புகை கிளம்பியது.

"பங்குனிக்கு வரகுக்கு என்ன செய்யிறது?" என்று அரியமுத்து கேட்டான்.

"படையலு முடிஞ்சிருச்சுடா" என்றான் உத்திராபதி. "ஓங்கக்காவுக்கு மொதல்ல போடு."